மடக்குக் கத்தியை வீசித் திறப்பதால் தேய்மானம் உண்டாகுமா?

தோட்டப் பயிர் செய்யும் குடியானவர்களிடத்திலும், நாற்றுப் பண்ணைகளில் ஒட்டுக் கட்டுவோரிடத்திலும் மடக்குக் கத்தி இல்லாமலிருப்பது அரிது. கிருஷ்ணகிரி ஜில்லாவின் மா நாற்றுப் பண்ணைகளிலும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களிலும், ஒட்டு வைத்தல், மொட்டுக் கட்டுதல், போத்துச் சீவுதல் ஆகிய நுட்பமான வேலைகளுக்கெல்லாம் இச்சிறு கருவியே துணையாயிருக்கிறது. அதன் விலை சொற்பமானதன்று. நல்ல ஒட்டுக் கத்தியொன்று பல ஆண்டுகள் உழைக்கவேண்டிய பொருள். ஆயினும், வாங்கிய ஓராண்டிற்குள்ளேயே அலகு ஆட்டங்கண்டு உபயோகமற்றுப் போனதென்னும் குறை பல இடங்களில் கூறப்படுகிறது.

இக்குறைக்குக் காரணம் கூறுவோர் இருதிறத்தார். கத்தியை நகத்தாற் பற்றி மெல்லத் திறவாமல், மணிக்கட்டை உதறி ஒரே வீச்சில் திறக்கும் வழக்கமே கேட்டிற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். இரும்பினாற் செய்த பொருள் அவ்வளவு எளிதில் கெடாது. வீசித் திறப்பதால் யாதொரு தீங்குமில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையாகா. எக்கத்தியில், எப்பாகத்தில், எவ்வளவு கேடு விளைகிறது என்பதை ஆராய்ந்தறிதல், கருவிகளைச் சொந்தமாக வைத்திருக்கும் நிலக்காரர்களுக்கும், பண்ணைக் கருவிகளுக்குப் பொறுப்பேற்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன்படும்.

மடக்குக் கத்தியின் உறுப்புகள்

திருப்பாச்சேத்தி அரிவாளைப் போன்று அலகும் பிடியும் அசையாமற் பொருந்திய கருவிகளில் இக்கேள்விக்கே இடமில்லை. அரிவாளிற் கூர் மழுங்கும், பிடி தளரும், அவ்வளவே. மடக்குக் கத்தியிலோ அலகு ஓர் ஆணியைச் சுற்றிச் சுழல்கிறது. சுழலும் இடமெங்கும் தேய்மானம் உண்டு என்பது வண்டியச்சு வைத்திருக்கும் குடியானவர் எவரும் அறிந்ததே.

மடக்குக் கத்தியின் முக்கிய உறுப்புகள் ஐந்து. முதலாவது அலகு. இரண்டாவது, அலகின் அடியில் துளையிட்டுச் செருகிய சுழலாணி. மூன்றாவது, பிடியின் இருபுறமும் உள்ளே அமைந்த தகடுகள். இவை பெரும்பாலும் பித்தளையாலேனும் எஃகினாலேனும் ஆனவை. நான்காவது, பிடியின் முதுகில் நீளமாக அமைந்த எஃகு வில். ஐந்தாவது, அலகு முழுதும் திறந்தவுடன் அதற்கு மேற் செல்லாதபடி தடுக்கும் தடைமுகம். பழைய வகைக் கத்திகளில் வில்லின் நுனியே தடைமுகமாகப் பயன்படுகிறது; புதிய வகைகளில் இதற்கெனத் தனியாக ஒரு தடையாணி உண்டு.

இவற்றில் வில்லைவிட அலகு கடினமானதாகச் செய்யப்படுவது வழக்கம். சுவிட்சர்லாந்து தேசத்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்திகளில், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவின்படி அலகு 56-ம், வில் 49-ம் ஆகும். வில் வளைந்து கொடுக்கவேண்டியதாதலால் அது அலகைவிடச் சற்று மென்மையாகப் பதப்படுத்தப்படுகிறது. ஆகையால், அலகின் அடியும் வில்லும் ஒன்றோடொன்று மோதும்போது முதலில் நசுங்குவது வில்லேயாகும். இதனை நினைவில் வைத்தால் பின்வருவன எளிதில் விளங்கும்.

கத்தியின் வகைகள்

வீசித் திறப்பதன் பலன் கத்தியின் வகைக்கேற்ப மாறுகிறது. ஆகவே வகைகளைப் பிரித்தறிதல் அவசியம்.

முதல் வகை, பூட்டில்லாத வில் கத்தி. இங்கிலாந்தில் ஷெபீல்டு, ஜெர்மனியில் சோலிங்கன் ஆகிய நகரங்களின் கொல்லர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பேனாக்கத்திகளும் ஒட்டுக் கத்திகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஷெபீல்டுப் பகுதியின் கத்திக் கொல்லர் சங்கம் 1624-ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஏற்படுத்தப்பட்டது என்பதிலிருந்து இத்தொழிலின் பழமை விளங்கும். இவற்றில் வில்லின் அழுத்தம் ஒன்றே அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்துகிறது. அலகில் நகத்தைச் செருகுவதற்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும்.

இரண்டாம் வகை, உராய்வினாலேனும் வளையத்தினாலேனும் நிற்கும் கத்தி. பிரான்சு தேசத்தின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ஆம் ஆண்டில் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இவ்வகைக்குச் சிறந்த உதாரணம். இதற்கு முதுகு வில் கிடையாது. 1955-ஆம் ஆண்டில் மார்செல் ஒப்பினெல் என்பவர் அமைத்த சுழலும் வளையமே இதில் பூட்டாகப் பயன்படுகிறது. மரப்பிடி ஈரத்தில் ஊறிப் பருத்து அலகை இறுகப் பற்றிக்கொண்டால், அந்நாட்டார் பிடியின் அடியைக் கெட்டியான பலகையில் தட்டி அலகைச் சற்று வெளிவரச் செய்து, பிறகு விரலாற் பற்றித் திறப்பர். பலவந்தமாக உதறுவதைவிட இது நல்ல முறையாகும்.

மூன்றாம் வகை, முதுகுப் பூட்டுக் கத்தி. முதுகில் உள்ள எஃகுக் கட்டை அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த பக் 110 என்னும் கத்தியால் இவ்வகை பெரிதும் பரவியது.

நான்காம் வகை, தகட்டுப் பூட்டுக் கத்தி. பிடியின் உள் தகட்டில் ஒரு பகுதி வில்லைப் போன்று பக்கவாட்டில் வளைந்து, அலகு திறந்தவுடன் அதன் அடியில் முட்டுக் கொடுக்கும். 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்கக் கத்திக் கொல்லர் மைக்கேல் வாக்கர் இதனைத் திருத்தமாக அமைத்துப் பரப்பினார். கட்டைவிரலால் தள்ளுதற்குரிய குமிழேனும் துளையேனும், ஆட்காட்டி விரலால் அழுத்துதற்குரிய முனையேனும் அலகில் அமைந்திருக்கும். இப்பொழுது கடைகளில் விற்கும் ஒற்றைக்கைக் கத்திகளிற் பல இவ்வகையினவே.

வீசித் திறக்கும்போது நிகழ்வது யாது?

எட்டுச் சென்டிமீட்டர் நீளமுள்ள அலகு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூடிய நிலையிலிருந்து முழுதும் திறக்கையில் அதன் நுனி அரைவட்டமாகச் சென்று, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் தூரம் கடக்கிறது. நகத்தாற் பற்றி ஒரு வினாடியில் திறந்தால் நுனியின் வேகம் வினாடிக்கு 25 சென்டிமீட்டர். மணிக்கட்டை உதறி வினாடியின் பத்திலொரு பங்கில் திறந்தாலோ, வேகம் 250 சென்டிமீட்டர் ஆகிறது. வேகம் பத்து மடங்கானால், ஓடும் பொருளிலுள்ள மோதும் சக்தி பத்து மடங்காவதில்லை. பத்தைப் பத்தால் பெருக்கிய அளவாகிய நூறு மடங்காகிறது. மெல்லத் திறக்கையில் விரலே அலகின் ஓட்டத்தை அடக்கிவிடுகிறது. வீசித் திறக்கையில் அடக்குவாரில்லை. அச்சக்தி முழுவதையும் தடைமுகம் ஒரு கணத்தில் ஏற்கவேண்டியதாகிறது.

அன்றியும், தடைமுகம் சுழலாணிக்கு மிக அருகில், சுமார் ஐந்து மில்லிமீட்டர் தூரத்தில் அமைந்திருக்கும். அலகின் நீளம் எண்பது மில்லிமீட்டர். ஆகவே, நுனியில் ஒரு பங்காகத் தோன்றும் விசை தடைமுகத்தில் பதினாறு பங்காகத் தாக்குகிறது. நீண்ட கடப்பாரையின் நுனியை ஒரு சிறுவன் அழுத்தினாலும் அடியிலுள்ள பாறை பெயர்வது எவ்வாறோ, அவ்வாறே இதுவும். அத்தாக்குதலுக்குச் சமமான எதிர்த்தாக்குதல் சுழலாணிக்கும் நேர்கிறது. தடைமுகத்திற் சிறு நசுங்கலும், ஆணித் துளையிற் சிறு அகலமும் இதனாற் படிப்படியாக உண்டாகின்றன.

இந்நசுங்கல் கண்ணுக்குப் புலனாகாத அளவினதாயினும் அதன் பலன் பெரிது. தடைமுகத்தில் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு தேய்ந்தால், மேற்கூறிய பதினாறு பங்குக் கணக்கின்படி, நுனியில் 1.6 மில்லிமீட்டர் ஆட்டம் காணும். பத்திலொரு பங்கு தேய்மானத்தை எவரும் காணார். ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டத்தைக் கையே உணர்ந்துவிடும்.

ஒரு தடவை வீசித் திறப்பதால் நல்ல கத்தி கெட்டுவிடாது என்பது உண்மையே. கேடு எண்ணிக்கையாற் பெருகுவது. நாளொன்றுக்கு ஐம்பது முறை திறக்கும் ஒட்டுக்காரர் ஆண்டில் இருநூறு நாள் வேலை செய்தால், அக்கத்தி பதினாயிரம் முறை திறக்கப்படுகிறது. பதினாயிரம் மெல்லிய தொடுதல்களுக்கும், பதினாயிரம் சம்மட்டி அடிகளுக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

வகைக்கேற்ற பலன்

வில் கத்தியை அலகின் புறமாக வீசித் திறத்தல் எளிதன்று. வில்லின் அழுத்தம் அதனைத் தடுக்கிறது. ஆகவே சிலர் அலகை விரல்களாற் பற்றிக்கொண்டு பிடியை உதறுகின்றனர். இது எல்லாவற்றிலும் கேடான முறை. அலகு இருபது கிராமும் எட்டுச் சென்டிமீட்டரும், பிடி எண்பது கிராமும் பத்துச் சென்டிமீட்டரும் உள்ளதாகக் கொண்டால், ஒரே சுழற்சி வேகத்தில் பிடியினிடத்துள்ள மோதும் சக்தி அலகினிடத்துள்ளதைப் போல் ஆறு மடங்குக்கு மேலாகும். அச்சக்தி முழுவதும் மென்மையான வில்லின் நுனியிலும், தறைந்த சுழலாணியிலும் சென்று தாக்குகிறது. இவ்வகைக் கத்திகளில் ஆணி திருகாணியன்று. இருமுனையும் அடித்துத் தறைந்தது. ஒருமுறை துளை அகன்றுவிட்டால் எளிதில் இறுக்கவியலாது. ஆகையால் வில் கத்தியை ஒருபொழுதும் உதறித் திறக்கலாகாது.

வில் கத்தியில் மற்றொரு கேட்டையும் கவனிக்கவேண்டும். திறக்கும்போது மெல்லத் திறப்போரும், மூடும்போது அலகை அரைவாசி தள்ளிவிட்டு, வில்லின் விசையாற் பட்டென்று மூடவிடுவர். அப்பொழுது அலகின் அடியிலுள்ள சிறு தாங்குமுனை வில்லின் மேல் மோதுகிறது. அம்முனை நாளடைவிற் தேய்ந்தால் அலகு முன்னிலும் ஆழமாக உள்ளே இறங்கும். பின்னர்க் கூர்விளிம்பே வில்லின் மேல் மோதி மழுங்கும். அலகின் நடுவில் ஒரே இடத்தில் அடிக்கடி பல் விழுந்தால், சாணைக்காரரைக் குறைகூறுமுன் இதனைச் சோதித்தறிதல் நலம்.

முதுகுப் பூட்டுக் கத்தியில் பூட்டுக் கட்டையும் அலகின் பள்ளமும் தடித்த எஃகாதலால் தாங்கும் வலிமை மிகுதி. எனினும் உதறித் திறப்பதால் பள்ளத்தின் விளிம்பு உருண்டு, அலகு மேலுங் கீழுமாக அசையத் தொடங்குவதுண்டு.

தகட்டுப் பூட்டுக் கத்தியில் இருவகை நிலைமை காணப்படும். விரைந்து திறப்பதற்கென்றே செய்த கத்திகளில், கடினமாகப் பதப்படுத்திய தடையாணியும், வெண்கல வாஷர்களேனும் உருளைகளேனும் வைத்த சுழலிடமும், தளர்ந்தால் இறுக்கிக்கொள்ளக்கூடிய திருகாணியும் உண்டு. இவற்றில் குமிழையேனும் முனையையேனும் விரலால் தள்ளித் திறத்தல், செய்தவரின் கருத்துக்கு மாறானதன்று. அதனாற் சிறப்பான கேடு விளைவதில்லை. ஆயினும் விரலின் தள்ளுதலோடு மணிக்கட்டின் உதறலையுஞ் சேர்த்தால், அலகு வேண்டிய வேகத்தினும் மிகுந்து ஓடிப் பூட்டுத் தகட்டை ஆழமாக உள்ளே இறக்கிவிடும். புதிய கத்தியில் அத்தகடு அலகின் அடித் தடிப்பில் காற்பங்கிலிருந்து அரைப்பங்கு வரை சென்று நிற்கும். தேயத் தேய அது எதிர்ப்புறம் நோக்கி நகரும். எதிர்ப்புறத் தகட்டைத் தொடுமளவிற்குச் சென்றுவிட்டால் பூட்டு நம்பத்தக்கதன்று.

எந்த வகையாயினும், மணிக்கட்டை உதறும்போது வீச்சு நேர்கோட்டில் அமைவதில்லை; அலகு சற்றுப் பக்கமாகச் சாய்ந்தே சுழல்கிறது. இதனால் அலகின் பக்கம் உள் தகட்டோடு உராய்ந்து, நாளடைவில் அலகு நடுவிடம் விட்டு ஒருபுறம் ஒதுங்கும்.

வீச்சினும் மிகுதியாகத் தேய்ப்பவை

கத்தியின் கேடு அனைத்தையும் வீசித் திறப்பதன் மேல் ஏற்றுதல் நியாயமன்று. தோட்டத்தில் உழைக்கும் கத்திகளில் அதனினும் மிகுந்த தேய்மானத்தை உண்டாக்குவன வேறு சில.

அவற்றில் முதன்மையானது மணல். மணலில் மிகுதியாயுள்ள படிகக்கல் துகள் எஃகினுங் கடினமானது. மண்ணில் வைத்த கத்தியைத் துடையாமல் மடக்கினால் அத்துகள் சுழலாணியைச் சூழ்ந்து, சாணைக்கல் செய்யும் வேலையையே அங்கும் செய்கிறது. மடியிலும் சட்டைப் பையிலும் சேரும் தூசியும் அத்தகையதே. மணல் புகுந்த கத்தியை வீசித் திறத்தல் இருமடங்கு தீங்காகும்.

இரண்டாவது, மரங்களின் பாலும் பிசினும். மாவின் பால் உலர்ந்து ஒட்டினால் அலகு இறுகும். இறுகிய கத்தியை விரலால் திறக்கவியலாமற் போகவே, வேலையாள் உதறத் தலைப்படுகிறான். உதறும் வழக்கம் பலரிடத்தில் இவ்வாறே தொடங்குகிறது. கத்தியைச் சுத்தமாக வைத்தால் அவ்வழக்கத்திற்கே காரணம் இல்லாமற் போகும்.

மூன்றாவது, துரு. நோய் பரவாதிருக்கும்பொருட்டு ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்குச் செல்லுமுன் அலகைச் சுத்திசெய்தல் நல்ல வழக்கம். இதற்குச் சலவைத் தூள் கரைசலை உபயோகித்தால் அது எஃகை அரிக்கும். ஆகவே பிறகு நல்ல நீரிற் கழுவித் துடைத்து எண்ணெயிடவேண்டும். நூற்றுக்கு எழுபது பங்கு வீரியமுள்ள ஸ்பிரிட்டால் துடைத்தல் அரிப்பில்லாத முறையாகும்.

நான்காவது, தகாத வேலை. மூடி நெம்புதல், ஆணி பிடுங்குதல், அலகின் முதுகிற் சுத்தியால் அடித்து விறகு பிளத்தல் ஆகியவை சுழலாணியை ஒரே நாளில் வளைத்துவிடும். ஓராண்டு வீச்சு செய்யாத கேட்டை ஒரு நெம்புதல் செய்துவிடும்.

ஆட்டங்கண்ட கத்தியால் விளையும் நஷ்டம்

கத்தி சற்று ஆடினால் என்ன குறை என்று கேட்கலாம். ஒட்டுக் கட்டும் வேலையில் வேர்ச்செடியின் வெட்டுமுகமும் ஒட்டுக்குச்சியின் வெட்டுமுகமும் இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள வளர்திசுப் படலம் மிக மெல்லியது. சில உயிரணுக்களின் தடிப்பே உடையது. இரண்டின் படலமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு உயிர்பெறும். ஒட்டுக் கத்தியின் அலகு ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் மட்டும் சீவியதாகவும் செய்யப்படுவது வெட்டுமுகம் பலகைபோற் சமமாக அமையும்பொருட்டேயாம். அலகு ஆடினால் ஒரே இழுப்பில் விழவேண்டிய வெட்டு அலையலையாக விழும். மேடு தொட்டிருக்கும், பள்ளம் காய்ந்துபோகும், நீர் புகுந்து அழுகும். ஒட்டுக் குறைந்ததற்குக் காற்றையும் வெயிலையும் குச்சியையும் காரணங்காட்டுமுன், கத்தியின் நுனியை அசைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதனினும் பெரிது கைக்கு நேரும் ஆபத்து. பூட்டில்லாத கத்தியில் வில் தளர்ந்திருந்தாலும், பூட்டுள்ள கத்தியிற் பூட்டு தேய்ந்திருந்தாலும், நுனியால் குத்தும்போது அலகு விரல்களின் மேல் மடங்கும். விரல் நரம்பு அறுபட்டால் உழைப்பாளியின் கை பயனற்றுப்போகவுங் கூடும். வீசித் திறக்கும்போதே கத்தி கைநழுவித் தொடையிலேனும், அருகிலிருப்போர் மேலேனும் பாய்வதுமுண்டு. சிறுவர்கள் பெரியவர்களைப் பார்த்து இவ்விளையாட்டைக் கற்றுக்கொள்வதால், அவர்கள் முன்னிலையில் இதனை அறவே விலக்கவேண்டும். மண்பட்ட கத்தியால் காயமுற்றவர், காயம் சிறிதாயினும், சோப்பும் நீருங்கொண்டு நன்றாகக் கழுவி, இரண வாத நோயைத் தடுக்கும் டெட்டனஸ் ஊசியைப்பற்றி ஆஸ்பத்திரியிற் கேட்டு அதன்படி நடக்கவேண்டும். அந்நோயின் கிருமிகள் மண்ணில் வாழ்வன.

சோதிக்கும் முறை

திங்கள் ஒருமுறை ஒவ்வொரு கத்தியையும் கீழ்க்கண்டவாறு சோதித்தல் நலம். இதற்கு ஐந்து நிமிஷத்திற்கு மேல் வேண்டாம்.

1. கத்தியை முழுதும் திறந்து, பிடியை இடக்கையில் இறுகப்பற்றி, அலகின் இருபுறத்தையும் விரல்களாற் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கவேண்டும். அசைந்தால் சுழலாணி தளர்ந்திருக்கிறது.

2. அவ்வாறே முதுகுப்புறமும் கூர்ப்புறமுமாக மேலுங் கீழும் மெதுவாக அசைக்கவேண்டும். அசைந்தால் தடைமுகமேனும் பூட்டேனும் தேய்ந்திருக்கிறது. முதலாவது குறை பெரும்பாலும் தீரக்கூடியது; இரண்டாவது அரிதாகவே தீரும்.

3. மூடிய கத்தியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா எனப் பார்க்கவேண்டும்.

4. வில் கத்தியாயின், கூர்விளிம்பு வில்லைத் தொடுகிறதா என்பதை அறிய, மெல்லிய காகிதத் துண்டொன்றை உள்ளே வைத்து மெல்ல மூடித் திறக்கவேண்டும். காகிதத்தில் வெட்டுக்கோடு விழுந்திருந்தால் தாங்குமுனை தேய்ந்துவிட்டது.

5. பூட்டுள்ள கத்தியாயின், அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து மிதமாக அழுத்தவேண்டும். விரல்கள் அலகு மடங்கும் வழியில் இராதபடி உள்ளங்கையால் மட்டும் பிடியைப் பற்றவேண்டும். பூட்டு நழுவினால் அக்கத்தியை உடனே வேலையிலிருந்து விலக்கவேண்டும்.

பாதுகாக்கும் முறை

வேலை முடிந்தவுடன் அலகையும் பிடியின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய குச்சியில் துணி சுற்றி உள்ளே அடைந்த மண்ணை நீக்கவேண்டும். பால் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டால் கரைத்துத் துடைக்கலாம். நன்றாக உலர்ந்தபின் சுழலாணியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி மட்டும் விட்டு, அலகை ஐந்தாறு முறை மெல்லத் திறந்து மூடி, வெளியே கசியும் கறுத்த எண்ணெயைத் துடைத்துவிடவேண்டும். நல்லெண்ணெய் முதலிய சமையல் எண்ணெய்கள் நாளடைவிற் காற்றுப்பட்டுப் பிசுக்காக இறுகுவதால் இதற்கு ஏற்றவையல்ல. மறுநாள் ஒட்டுக் கட்டுமுன் அலகின் மேல் எண்ணெய்ப்பசை இல்லாதபடி ஸ்பிரிட்டால் துடைத்தல் அவசியம். வெட்டுமுகத்தில் எண்ணெய் படலாகாது.

திருகாணிக் கத்தி தளர்ந்தால், ஒரு சுற்றில் எட்டிலொரு பங்கு மட்டும் இறுக்கிப் பார்த்து, அலகு ஆடாமலும் இறுகாமலும் இருக்குமிடத்தில் நிறுத்தவேண்டும். தறையாணிக் கத்தியைத் தேர்ந்த கொல்லரிடங் கொடுத்து, ஆணியின் ஒருமுனையைப் பட்டறைக் கல்லில் தாங்கவைத்து மறுமுனையைச் சிறு சுத்தியால் இலேசாகப் பலமுறை தட்டச் செய்யலாம். ஒவ்வொரு சில தட்டுக்கும் அலகைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். மிகையாக அடித்தால் அலகு இறுகிப்போகும். தடைமுகம் தேய்ந்த கத்தியை அரத்தால் ராவிச் சரிசெய்ய முயலலாகாது. ராவும் அளவிற்கு அலகு இன்னும் அப்பாற் சென்று ஆட்டம் மிகும்.

திறக்கும் முறை

வில் கத்தியைத் திறக்கும்போது பிடியை இடக்கையிற் பற்றி, வலக்கைக் கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து, அலகைப் பாதிவரை உயர்த்தி, பின்னர் அதன் முதுகைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பற்றி இறுதிவரை கொண்டுசெல்லவேண்டும். மூடும்போதும் அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ளி, இறுதிவரை அடக்கி மூடவேண்டும். ஒற்றைக்கைக் கத்தியாயின் விரலின் தள்ளுதல் மட்டும் போதும். மணிக்கட்டு அசையாதிருத்தல் வேண்டும். விரலால் மட்டும் தள்ளித் திறவாத கத்திக்கு வேண்டுவது துடைப்பும் எண்ணெயுமே, வலிமையான வீச்சன்று.

ஒட்டுக் கட்டும் வேலை தொடர்ச்சியாக நடக்கும் நாட்களில் ஒவ்வொரு செடிக்கும் கத்தியைத் திறந்து மூடும் வழக்கத்தைக் குறைக்கலாம். திறந்த கத்தியை வைப்பதற்கு மரப்பலகையில் ஒரு பிளவு செய்து வரிசையின் தலைப்பில் வைத்துக்கொண்டால் நேரமும் மிச்சம். கத்திக்கும் ஆயுள் மிகும். கனமான கிளை வெட்டுவதற்கு மடக்குக் கத்தியை உபயோகியாமல் அரிவாளையேனும் கவாத்துக் கத்தரியையேனும் எடுத்தல் வேண்டும்.

முடிவு

மேற்கூறியவற்றின் சாரம் வருமாறு: வில் கத்தியை உதறித் திறப்பது அதன் வில் நுனியையும் சுழலாணியையும் நிச்சயமாகக் கெடுக்கும், பிடியை உதறுவது மிக மிகக் கெடுக்கும். விரைந்து திறப்பதற்கென்று செய்த தகட்டுப் பூட்டுக் கத்தியை விரலால் தள்ளித் திறத்தலில் தீங்கில்லை. மணிக்கட்டின் உதறலைச் சேர்த்தால் தேய்மானம் விரைவுபடும். எந்தக் கத்திக்கும் மணலும், பாலும், துருவும், நெம்புதலும் வீச்சினும் கொடிய சத்துருக்கள். கத்தியை விரைவாகத் திறப்பதால் மிஞ்சும் காலம் ஒரு வினாடிகூட இல்லை. அதனால் இழக்கக்கூடியது ஒரு பருவத்து ஒட்டாகவேனும், ஒரு விரலாகவேனும் இருக்கலாம்.

ஆகையால் நிலக்காரர்கள் தம் வேலையாட்களுக்குக் கத்தி கொடுக்கும்போதே திறக்கும் முறையையும் துடைக்கும் முறையையும் செய்துகாட்டுதல் வேண்டும். கிராம அதிகாரிகளும் ஒட்டுக் கட்டும் பருவம் தொடங்குமுன் தோட்டக்காரர்களைக் கூட்டி, மேற்கண்ட ஐந்து சோதனைகளையும் அவரவர் கத்தியிலேயே நடத்திக் காட்டினால், பயனற்ற கத்திகள் அன்றே புலப்பட்டுவிடும். செடிகளும் கைகளும் காப்பாற்றப்படும்.